காக்கி போட்ட கலகக்காரன்

பங்குதாரர்கள் கூட்டம் ஏதாவது ஒன்றுக்குப் போயிருக்கிறீர்களா? பி.காம். படித்த பாவத்துக்கு நான் போயிருக்கிறேன். லாபம் இவ்வளவு, டிவிடெண்ட் இவ்வளவு என்று மேடையில் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். கீழே பாதிப்பேர் தூங்குவார்கள். மீதிப்பேருக்குக் காபி எப்போது வரும் என்கிற கவலை.

1992ம் வருடம் ஜூலை 16ம் தேதி, அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல் ஒன்றில் டைம் வார்னர் நிறுவனம் நடத்திய கூட்டத்தில் மட்டும் ஒருத்தரும் தூங்கவில்லை.

காரணம், மைக்கைப் பிடித்தவர் சார்ல்டன் ஹெஸ்டன். நம்ம பென்ஹர்! டென் கமாண்ட்மென்ட்ஸில் மோசஸாக வந்து செங்கடலைப் பிளந்தாரே, அவரேதான். டைம் வார்னரில் சில நூறு பங்குகள் வைத்திருந்தார். ஆகவே, பேச உரிமை உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் பேசவில்லை. அந்த நிறுவனம் வெளியிட்ட பாட்டு ஒன்றை வாசித்தார். ராகம் கிடையாது, தாளம் கிடையாது. நிறுத்தி நிதானமாக, வரி வரியாக. கெட்ட வார்த்தைகள் உள்பட. சபை வெலவெலத்துப் போனது.

பாட்டின் தலைப்பு, காப் கில்லர். அதாவது, போலீஸைக் கொல்பவன்.

பாடியவர் ஐஸ்-டி. கேங்ஸ்டா ராப் என்கிற வகைக்கு அமெரிக்க மேற்குக் கரையில் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர். இயற்பெயர் ட்ரேஸி மாரோ. 1958ல் நியூஜெர்ஸியில் பிறந்தவர். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மா மாரடைப்பில் போனார். நாலு வருடம் கழித்து அப்பா. அவருக்கும் மாரடைப்பு. பையனை லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

போன இடமோ ரவுடி கும்பல்கள் தெருவுக்குத் தெரு கோடு கிழித்து ஆண்டுகொண்டிருந்த பேட்டை. பையன் அங்கே ஐஸ்பெர்க் ஸ்லிம் என்கிற எழுத்தாளரின் நாவல்களை மனப்பாடமாக ஒப்பித்துத் திரிந்தான். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பிறகு கொஞ்ச காலம் ராணுவம். திரும்பி வந்தபின் நகைக்கடைக் கொள்ளை. இதையெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவரே பல பேட்டிகளில் ஒப்புக்கொண்ட கதைதான்.

ராப் பாட்டு அவரைத் திருட்டிலிருந்து மீட்டது. 1987ல் முதல் ஆல்பம். 1991ல் நியூ ஜாக் சிட்டி என்றொரு படம். அதில் என்ன வேஷம் தெரியுமா? போலீஸ்! தெருவில் போலீஸைத் திட்டிப் பாடியவன் காக்கிச்சட்டைப் பக்கம் நின்று நடிக்கலாமா என்று அவருக்கே தயக்கம். தயங்கித் தயங்கித்தான் நடித்தார்.

படம் வெளியான தேதி மார்ச் 8. அதற்குச் சரியாக ஐந்து நாள் முன்னால் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்காரர்கள் ராட்னி கிங் என்கிற கறுப்பரைத் தரையில் போட்டுத் தடியால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். பக்கத்துக் குடியிருப்புவாசி ஒருவர் அதை வீடியோ எடுத்துவிட்டார். நாடே டிவியில் பார்த்தது.

அடுத்த வருடம் மார்ச்சில் ஐஸ்-டியின் பாடி கவுண்ட் இசைக்குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதில்தான் காப் கில்லர். ஒரு வேடிக்கை, அது ராப் பாட்டே அல்ல. ஹெவி மெட்டல். கிட்டாரும் அலறலுமாக வேறு ஜாதி. ஆனால் பாடியவர் கறுப்பர் அல்லவா? ராப் என்றே எல்லோரும் எழுதினார்கள்.

ஏப்ரல் 29. ராட்னி கிங் வழக்கில் தீர்ப்பு. நாலு போலீஸ்காரர்களுக்கும் தண்டனை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். சுமார் நூறு கோடி டாலர் நாசம்.

எரிச்சலை யார்மீதாவது கொட்டவேண்டுமே? ஜூன் மாதம் டெக்சாஸ் போலீஸ் சங்கம் ஒன்று அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டது. டைம் வார்னரின் சரக்கு எதையும் வாங்காதீர்கள் என்று அறிவித்தது. ஜனாதிபதி புஷ் (அப்பா புஷ்) கண்டித்தார். துணை ஜனாதிபதி டான் குவேல் கண்டித்தார். கடைகள் கேசட்டை அலமாரியிலிருந்து இறக்கின. கறுப்பின போலீஸ்காரர்களின் தேசிய சங்கம் மட்டும் இந்தப் புறக்கணிப்பை எதிர்த்தது. போலீஸ் அராஜகத்தை நிறுத்துங்கள், கோபம் தானாக அடங்கும் என்கிற கட்சி அவர்களுடையது. யார் காதிலும் விழவில்லை.

ஐஸ்-டி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். பாட்டில் பேசுவது நானல்ல. போலீஸ் அடக்குமுறையில் வெறுத்துப்போன ஒரு கதாபாத்திரம்.

ம்ஹும். எடுபடவில்லை. வார்னர் ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஜூலை 28ம் தேதி, பாட்டை நானே எடுத்துவிடுகிறேன் என்று ஐஸ்-டி அறிவித்தார். அது இல்லாமல் ஆல்பம் மறுபடி வெளிவந்தது. 1993 ஜனவரியில் அவருக்கும் வார்னருக்குமான ஒப்பந்தமும் முடிந்தது.

இத்தோடு ஆள் காலி என்றுதானே நினைப்பீர்கள்? கதையே இனிமேல்தான்.

டிக் உல்ஃப் என்று ஒரு டிவி தயாரிப்பாளர். லா அண்ட் ஆர்டர் வரிசை போலீஸ் தொடர்களின் பிதாமகர். 2000ம் ஆண்டில் அதன் கிளைத்தொடரான ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்டுக்கு ஐஸ்-டியைக் கூப்பிட்டார். வேஷம்? வேறென்ன, போலீஸ் துப்பறிவாளர். ஃபின் டுடுவோலா என்று பெயர். நாலே நாலு எபிசோட் என்றுதான் பேச்சு. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது! 2019ல் அந்தத் தொடர், அமெரிக்க பிரைம் டைமில் (கார்ட்டூன்கள் நீங்கலாக) அதிக சீசன்கள் கண்ட கதைத் தொடர் என்று பெயர் வாங்கியது. 2023 பிப்ரவரியில் ஹாலிவுட் நடைபாதையில் ஐஸ்-டிக்கு நட்சத்திரம் பதித்தார்கள். நடுவில் 2021ல் பாடி கவுண்ட் குழுவுக்கு கிராமி விருதும் கிடைத்தது. கவனியுங்கள், மெட்டல் பிரிவில்.

ஆள் மாறிவிட்டார், விலை போய்விட்டார் என்று பேசுபவர்கள் உண்டு. பணம் காரணமில்லை என்று நான் சொல்லமாட்டேன். மாதச் சம்பளத்தின் அருமை அறிந்தவன். ஆனால் அவர் அந்தப் பாட்டை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. மேடைகளில் பாடுவதையும் விடவில்லை.

எனக்குத் தோன்றுவது வேறு. தினமும் டிவியில் குற்றவாளியைத் துரத்துகிற ஐஸ்-டியைப் பார்த்து, வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று யாராவது புகார் கொடுப்பார்களா? மாட்டார்கள். அது வேஷம் என்று குழந்தைக்கும் தெரியும். மோசஸாக நடித்தார் என்பதற்காக ஹெஸ்டனிடம் யாரும் செங்கடலைப் பிளக்கச் சொல்லவில்லை. போலீஸாக நடித்தால் வேஷம் என்று புரிகிறது. போலீஸிடம் அடிவாங்கிக் கொதிப்பவனாகப் பாடினால் மட்டும் வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

அந்த ஹோட்டல் அறையில், தன் குரலில் இன்னொருவனின் வரிகளை உணர்ச்சிபூர்வமாக வாசித்த பெரிய நடிகருக்கு இது உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை.