பட்டறையில் பிறந்த வண்டி

பழைய மினி பைக் ஒன்றைப் புதுப்பிக்க உட்காருகிறவர் முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்துபோன பாகத்துக்குப் பதிலாக, கம்பெனி முத்திரையுள்ள பழைய பாகத்தைத் தேடிப் பிடிப்பதா, லேத்தில் தானே கடைந்து போடுவதா? சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் முதல் வழிதான் நேர்மையானது என்கிறார்கள். முத்திரை இல்லாத பாகம் ஒன்று ஏறிவிட்டாலே வண்டி அசல் இல்லை என்பது அவர்கள் கணக்கு. இந்த வண்டியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. மினி பைக் பட்டறையில் பிறந்து, பிறகுதான் தொழிற்சாலைக்குப் போனது. ஆகவே உரிமையாளர் கையால் கடைந்த பாகம் அதன் வரலாற்றுக்கு உள்ளே இருப்பது, வெளியே இருந்து வந்து ஒட்டிக்கொண்டது அல்ல என்பதே என் வாதம்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சான்று அங்கேதான் அடர்த்தியாக இருக்கிறது. 1950களில் அங்கே கார்கள் குறுகிய தூரத்தை நேர்கோட்டில் சீறிக் கடக்கும் டிராக் பந்தயம் பெருகியது. பந்தயத் திடலில் இங்கிருந்து அங்கே போய்வர மெக்கானிக்குகளுக்குச் சின்ன வண்டி ஒன்று தேவைப்பட்டது. எஃகுக் குழாயை வளைத்து வெல்டிங் செய்து, புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை அதில் பொருத்தி, கிடைத்த சிறு சக்கரங்களை மாட்டிக்கொண்டார்கள். ரேஸ் காரையே கையால் கட்டுகிறவர்களுக்கு இது ஒரு சாயங்கால வேலை. இதே காலத்தில், 1956இல், கலிஃபோர்னியாவின் கர்ட்டிஸ் கிராஃப்ட் என்ற ரேஸ் கார் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ், விற்காமல் தேங்கிக் கிடந்த புல்வெட்டி எஞ்சின் ஒன்றை வைத்து முதல் கோ-கார்ட்டைக் கட்டினார். கார்ட் பெருகியதும் அதற்கான சிறிய கிளட்ச், செயின், ஸ்ப்ராக்கெட், சக்கரம் எல்லாம் கடைக்கு வந்தன. மினி பைக் கட்டுகிறவர்கள் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கைத்தொழில் இதழ்கள் வீட்டிலேயே கட்டுவதற்கான வரைபடங்களை வெளியிட்டன. உயர்நிலைப் பள்ளிகளில் உலோக வேலை ஒரு பாடமாக இருந்தது. சியர்ஸ் நிறுவனம் வீட்டுப் பட்டறைக்கான லேத்தையே விற்றது. கருவியும் கற்பிப்பும் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் இந்த வண்டி உருவானது.

தொழிற்சாலைகள் பிறகு வந்தன. ஒஹாயோ மாநிலம் மேன்ஸ்ஃபீல்டில் ரப் நிறுவனம் கார்ட்டில் தொடங்கி மினி பைக்குக்கு வந்தது. அதை நிறுவிய மிக்கி ரப் 1965 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஆறாவதாக வந்தவர். கலிஃபோர்னியாவில் ஸ்டீன்ஸ் நிறுவனம் டாகோ வண்டிகளைச் செய்தது. இவற்றின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இத்தகைய நிறுவனங்கள் தயாரித்தது பெரும்பாலும் சட்டகத்தைத்தான். எஞ்சின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனிடமோ டெகம்சேயிடமோ வாங்கியது. கிளட்சும் பல நேரம் வேறொருவருடையது. அசல் என்று இன்று போற்றப்படும் வண்டியே பல இடத்துப் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதுதான்.

போர்க்கால பிரிட்டனின் வெல்பைக்கை மினி பைக்கின் மூதாதை என்று காட்டி, அது அரசு ஆய்வகத்தில் உருவானதே என்று கேட்கலாம். உண்மைதான். பாராசூட்டில் இறக்கும் உருளைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதிலும் ஏறியது கடையில் இருந்த 98 சிசி வில்லியர்ஸ் எஞ்சின்தான். ஜப்பானிய ஹோண்டா மங்கி இன்னும் வலுவான எதிர்ச்சான்றாகத் தோன்றும், ஏனென்றால் அதில் எஞ்சினும் சட்டகமும் ஒரே நிறுவனத்தவை. ஆனால் அதன் தொடக்கம் என்ன? 1961இல் டோக்கியோவுக்கு மேற்கே டாமா டெக் கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஓட்ட, சூப்பர் கப் வண்டியின் 49 சிசி எஞ்சினைக் குட்டிச் சட்டகத்தில் பொருத்திய விளையாட்டு வண்டி அது. சாலைக்கான மாடல் பின்னால் வந்தது. வந்ததும் ஜப்பானியர்கள் அதைத் தொழிற்சாலை விட்ட நிலையில் விட்டுவைக்கவில்லை. டாகேகாவா, கிடாகோ போன்ற நிறுவனங்கள் சிலிண்டரை 88 சிசியாகப் பெருக்கும் பாகங்களை விற்றே பெயர் பெற்றன. 50 சிசி மங்கி 2017இல் நிறுத்தப்பட்டது; அதற்குப் பாகம் செய்யும் தொழில் நிற்கவில்லை.

இனி பாகத்துக்கே வருவோம். ரப் 1978இல் திவாலானது. டெகம்சே 2008இன் இறுதியில் சிறு எஞ்சின் தயாரிப்பை மூடியது. கிடங்கில் தப்பிய பழைய பாகம் கிடைத்தாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் அது புது வண்டியின் அளவுக்குச் செய்யப்பட்டது. கிளட்சுக்குள் இருக்கும் வெண்கல புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். அது முக்கால் அங்குல, அதாவது 19.05 மில்லிமீட்டர் தண்டின் மேல் சுழல வேண்டும். ஐம்பது ஆண்டு ஓடிய தண்டு இன்று அந்த அளவில் இருக்காது. முத்திரையுள்ள புஷ் அதில் ஆடும், கிளட்ச் தள்ளாடும், செயின் பக்கவாட்டில் இழுபடும். தண்டை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பக் கடைந்த புஷ்தான் சரியாக உட்காரும். தேய்ந்த இயந்திரத்துக்கு அதன் தேய்மானத்தை அறிந்த பாகம் வேண்டும். தொழிற்சாலைகளே இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன. பிரிக்ஸும் ஹோண்டாவும் கூடுதல் அளவுப் பிஸ்டன்களை விற்றன. உள்ளூர் பட்டறை சிலிண்டரைப் பெரிதாகக் கடையும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. எஞ்சினைச் செய்தவர்களே பட்டறைக்காரரின் கைக்கு இடம் வைத்திருக்கும்போது, அந்தக் கையை அசலுக்கு எதிரி என்பது எப்படிப் பொருந்தும்?

இருந்தும் சேகரிப்பாளர்களின் கவலையில் ஒரு பாதி நியாயமானது. முதல் பெயின்ட், முதல் திருகுகளோடு தப்பியிருக்கும் வண்டி ஒரு சாட்சி. அதை உரித்துப் பளபளக்கும் அலுமினியப் பாகங்களால் நிரப்புவது சாட்சியை அழிப்பது. அத்தகைய வண்டி மிகக் குறைவு; அதைத் தொடாமல் விட வேண்டும். மற்றவை பல கை மாறி, பாதி பாகம் தொலைந்து, துரு ஏறி வருபவை. அவற்றில் காக்க வேண்டியது ஓடும் தன்மையை. கணினி இயக்கத்தில் கடைந்து இணையத்தில் விற்கும் சிஎன்சி பாகங்களை மட்டும் வாங்கி அடுக்கினால் அதுவும் கைவேலை ஆகுமா என்று கேட்டால், ஆகாது என்றே சொல்வேன். அங்கே அளந்து பார்த்த கண் இல்லை.

வீட்டில் கடைந்த பாகம் பாதுகாப்பானதா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பிரிக்ஸ், டெகம்சே எஞ்சின்களின் வேகத்தை கவர்னர் என்ற பாகம் நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்றில் கட்டுப்படுத்துகிறது. வார்ப்பு ஃபிளைவீலும் கனெக்டிங் ராடும் அந்த வேகத்தை மனதில் வைத்துச் செய்தவை. கவர்னரைக் கழற்றி வேகத்தைக் கூட்டினால் ஃபிளைவீல் வெடித்துச் சிதறலாம். ஓட்டுகிறவரின் காலுக்கு அருகில்தான் அது சுழல்கிறது. கவர்னரை எடுப்பவர் முழு உலோகக் கட்டியில் கடைந்த ஃபிளைவீலையும் ராடையும் போட்டே ஆக வேண்டும். ஃபிளைவீல், அச்சு, பிரேக் ஆகிய மூன்றையும் உலோகத்தின் தரம் தெரியாமல் வீட்டில் கடைவதை நான் ஆதரிக்க மாட்டேன். புஷ், ஸ்பேசர், எஞ்சின் அடித்தட்டு, லீவர், ஹேண்டில்பார் பிடிமானம் இவற்றில் தொடங்குவதே முறை.

பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. மினி பைக் கட்டுகிறவர்கள் இதை அப்படியே ஏற்கலாம். கடைந்த பாகத்தில் கண்ணுக்கு மறைவான இடத்தில் ஆண்டைப் பொறியுங்கள். அளவுகளோடு ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். கழற்றிய பழைய பாகம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். வண்டியை விற்கும்போது வரைபடத்தையும் அந்தப் பாகத்தையும் வாங்குகிறவரிடம் சேர்த்தே கொடுங்கள்.