தட்டெழுதியவர் பெயர்

1929-இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸல் துரையின் பெயர் நூல்களில் இருக்கிறது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயர்களையோ நாம் தேடத்தான் வேண்டும். உழைத்தவர் பெயரை மறவாத ஒரு பணியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார். பல நாட்டுத் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதி, எவரும் இலவசமாகப் படிக்க இணையத்தில் வைத்தனர். ஒருவர் தட்டெழுத, இன்னொருவர் பிழை பார்ப்பார். பின்னதே கண்ணை வருத்தும் வேலை என்போம். சம்பளம் கிடையாது. ஆனால் இருவர் பெயரும் நூலின் தொடக்கத்திலேயே நன்றியுடன் இடம்பெறும். அக்காலத்தில் ஏடு பெயர்த்து எழுதியவர்கள் தம் பெயரைக் கடைசி ஓலையில் குறித்தார்கள். இங்கே அது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.