ரெய்ட் 1-ஆ, ரெய்ட் 5-ஆ? 1988-ல் போட்ட ஒரு கணக்கு

கல்யாண வீடியோ, குழந்தை போட்டோ, பத்து வருஷத்து வேலை எல்லாம் சேர்ந்து ஒரு ஹார்ட் டிஸ்க் பத்தாமப் போனதும், நம்மில் சிலர் நாலு டிஸ்க் போடுற பெட்டி ஒண்ணு வாங்குறோம். உடனே ஸ்கிரீன்ல கேள்வி வரும்: ரெய்ட் 0, 1, 5, 6, எது வேணும்? நம்பர் பெருசா இருந்தா நல்லதுதானேன்னு ஒண்ணை அமுக்கிடுவோம். ஆனால் அது தரவரிசை இல்லை. ஒவ்வொரு நம்பரும் ஏதோ ஒரு சிக்கலுக்கு யாரோ எழுதின பதில். அந்தச் சிக்கல் என்னன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூணு பேரும் எழுதின கட்டுரை 1988-ல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் வெளிவந்தது. அவங்க ஒப்பிட்டது முக்கியமா ரெண்டு டிஸ்க்கை. ஒண்ணு ஐபிஎம் 3380: 7,500 மெகாபைட், 24 கன அடி, 6,600 வாட். நம்ம வீட்டு பீரோ மாதிரி ஒரு சமாச்சாரம். இன்னொண்ணு பர்சனல் கம்ப்யூட்டருக்காக வந்த கானர் சிபி 3100: 3.5 இன்ச், 100 மெகாபைட், 10 வாட். குட்டி டிஸ்க் 75-ஐச் சேர்த்தா பெரிய டிஸ்க்கோட கொள்ளளவு வந்துடும், வேகமோ பல மடங்கு, செலவும் குறைவு. அப்போ பீரோ எதுக்கு? இதுதான் அவங்க வாதம். ரெய்ட் என்ற பேரில் இருக்கும் 'ஐ' அப்போ 'மலிவான' என்ற அர்த்தத்தில்தான் இருந்தது. பின்னாடி அதை 'தனித்தனியான' என்று மாத்திட்டாங்க. விலை உயர்ந்த பெட்டிக்கு மலிவுன்னு பேர் வெச்சு விக்க முடியுமா, சொல்லுங்க!

ஆனால் ஒரு வில்லங்கம். ஒரு டிஸ்க் சராசரியா 30,000 மணி நேரம் ஓடும்னு வெச்சுக்கோங்க. 100 டிஸ்க் சேர்ந்தா 300 மணி நேரத்துக்கு ஒண்ணு போயிடும். ரெண்டு வாரம்கூடத் தாங்காது. அதனால போன டிஸ்க்கில் இருந்ததை மீட்க வழி வேணும்.

இருந்ததிலேயே பழைய வழி, எல்லாத்தையும் ரெண்டு டிஸ்க்கில் எழுதுறது. டேண்டம் போன்ற கம்பெனிகள் ஏற்கெனவே செஞ்சதுதான். கட்டுரை அதுக்கு லெவல் 1-ன்னு பேர் வெச்சு, செலவு அதிகம்னு சொல்லிட்டு மேல போகுது. பாதி டிஸ்க் நகலுக்கே போயிடுதே. 2, 3, 4 இன்னைக்கு நம்ம வீட்டுக்குத் தேவையில்லை. அவங்க போய்ச் சேர்ந்த இடம் லெவல் 5.

அதோட தந்திரம் டீக்கடைக் கணக்கு மாதிரி. மூணு பேர் காசு போட்டாங்க, மொத்தம் எவ்வளவுன்னு தெரியும். ஒருத்தர் கொடுத்ததை மறந்துட்டாலும் மத்த ரெண்டைக் கழிச்சுக் கண்டுபிடிச்சிடலாம். டிஸ்க்கில் மொத்தத்துக்குப் பதிலா 'ஒற்றையா, இரட்டையா' என்பதை எழுதுவாங்க. அதுக்குப் பேர் பாரிட்டி. நாலு 4 டெராபைட் டிஸ்க் போட்டா 12 டெராபைட் உங்களுக்குக் கிடைக்கும். பாரிட்டி ஒரே டிஸ்க்கில் இருந்தா எழுதும்போதெல்லாம் அங்கே க்யூ நிக்கும், அதனால எல்லா டிஸ்க்குக்கும் பிரிச்சு வெச்சாங்க. லெவல் 0 இந்தக் கட்டுரையில் கிடையாது. பாதுகாப்பே இல்லாத வெறும் வேகத்துக்குப் பின்னாடி ஒட்டின பேர் அது.

என் கண்ணில் முக்கியமான விஷயம் இனிமேதான். அந்தக் கானர் டிஸ்க் விநாடிக்கு 1 மெகாபைட் படிக்கும். 100 மெகாபைட்டையும் படிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. இன்னைக்கு 16 டெராபைட் டிஸ்க் விநாடிக்கு 200 மெகாபைட் படிச்சாலும், முழுசா முடிக்க 22 மணி நேரம். கொள்ளளவு 1,60,000 மடங்கு வளர்ந்துச்சு, வேகம் 200 மடங்குதான். ரெய்ட் 5-ல் ஒரு டிஸ்க் போனா, புது டிஸ்க்கை நிரப்ப மத்ததை எல்லாம் அடி முதல் நுனி வரை படிச்சாகணும். அந்த ஒரு நாள் முழுக்க இன்னொண்ணு போகாம இருக்கணும்.

டிஸ்க்குகள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாமப் போகும்னு வெச்சுதான் அந்தக் கட்டுரை கணக்குப் போட்டது. நீங்களோ நாலையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பேட்ச்சில் வாங்கி, ஒரே பெட்டியில் சூடாக்குறீங்க. ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குற ரெய்ட் 6 பரவினதுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அதனால ரெண்டு டிஸ்க் போதும்னா நான் ரெய்ட் 1-தான் எடுப்பேன். பெர்க்லிக்காரங்க செலவுன்னு தள்ளி வெச்ச அதேதான்! 75 டிஸ்க்குக்கு நகல் எடுத்தா இன்னும் 75 வாங்கணும், வீட்டில் கூடுதலா ஒண்ணே ஒண்ணு. டிஸ்க் போனா நகல் எடுத்தா முடிஞ்சது, கணக்குப் போடுற வேலை இல்லை. நாலு டிஸ்க் நிச்சயமா வேணும்னா ரெய்ட் 6. இடம் 8 டெராபைட்டாக் குறையும், பரவாயில்லை.

இது எதுவும் பேக்கப் இல்லைன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. கட்டுரை கேட்ட கேள்வி 'டிஸ்க் செத்தா வேலை நிக்காம ஓடுமா' என்பது மட்டும்தான். குழந்தை போட்டோ ஃபோல்டரைக் கைதவறி அழிச்சா, ரெய்ட் 1 ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒழுங்கா அழிச்சிடும். பணம் கம்மியா இருந்தா ரெய்ட்டை விட்டுடுங்க; அந்த ரெண்டாவது டிஸ்க்கை வெளியே மாட்டுற டிஸ்க்கா வாங்கி, வாரம் ஒரு தடவை சொருகி காப்பி எடுத்துட்டு, கழற்றி அம்மா வீட்டு அலமாரியில் வைங்க.