லயத்து வீடும் டிஜிட்டல் விளையாட்டும்

2014இல் வெளிவந்த 'தி க்ரூ' என்ற கார்ப்பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பிறகு விளையாட முடியவில்லை. வழக்குப் போட்டார்கள். நீங்கள் வாங்கியது விளையாடும் அனுமதியை மட்டுமே என்றது நிறுவனம்.

இதைப் படித்ததும் எனக்குக் கோல சிலாங்கூர்த் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை இருந்திருப்பார்கள். பின்னால் முருங்கை நட்டு, முன்னால் பந்தல் போட்டு, கொட்டகையில் மாடு கட்டியிருப்பார்கள். பேச்சில் அது 'நம்ம வீடு'. நிர்வாகத்தின் கணக்கிலோ வேலை இருக்கும்வரை தங்க அனுமதி, அவ்வளவுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, வேலை போனவர்களிடம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது.

விளையாட்டு போனால் யாரும் நடுத்தெருவில் நிற்கப்போவதில்லை. இரண்டு இழப்பும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒப்பந்தத்தின் தன்மை ஒன்றுதான்: எழுதுவது ஒருவர், மாற்றுவதும் அவரே, மற்றவருக்குச் சம்மதம் சொல்வது மட்டுமே வேலை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதில் கைநாட்டு வைத்தவர்களுக்குப் படிக்கத் தெரியாது. நாம் படித்தவர்கள்; இருந்தும் படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

அனுமதியை நம்பி வாழ்வதன் ஆபத்தை அன்றே சிலர் கண்டார்கள். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960இல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள்.

இன்று நம் கையில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2007இல் மின்வணிகம் அதற்குள் வந்தது. 2010 திருத்தம் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்க வழி செய்தது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை வக்கீல் இல்லாமலேயே கோரலாம். கலிஃபோர்னியா ஒருபடி மேலே போய்விட்டது. 2025 தொடக்கம் முதல், கொடுப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று போட முடியாது.

நமக்கும் அப்படியொரு விதி வேண்டும். 'நம்ம வீடு' என்று நம்பியவர்களிடம் அது அனுமதி மட்டும்தான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவர்கள் சொந்த வீட்டை இன்னும் முன்னதாகவே கேட்டிருப்பார்கள்.