பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே வளையம்

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில் பச்சையம் தாவரவியல் புத்தகத்தில் இருக்கிறது. ஹீமோகுளோபின் விலங்கியல் புத்தகத்தில் இருக்கிறது. அணைவுச் சேர்மங்களை நடத்தும் வேதியியல் ஆசிரியர் மட்டும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துபோவார்: அதில் மெக்னீசியம், இதில் இரும்பு. உயிரின் வேதியியலைச் சற்று ஆழமாகக் கற்பிக்க நினைப்பவர், கடந்துபோகும் அந்த இடத்தில்தான் நின்றாக வேண்டும்.

இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து வரைந்தால் முதலில் தெரிவது ஒற்றுமை. நான்கு பிரோல் வளையங்கள், நான்கு நைட்ரஜன்கள், நடுவே ஓர் உலோக அயனி. ஆனால் உலோகத்தை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்று மாணவர் எழுதினால் மதிப்பெண் போடக் கூடாது. ஹீமோகுளோபினின் இரும்பு வளையமான ஹீமில் இரட்டைப் பிணைப்புகள் நான்கு பிரோல்களிலும் தொடர்ந்து ஓடுகின்றன. பச்சையத்தில் ஒரு பிரோல் ஹைட்ரஜன் ஏற்று ஒடுக்கமடைந்திருக்கிறது, ஐந்தாவதாக ஒரு சிறு வளையமும் ஒட்டியிருக்கிறது. ஹீமின் ஓரத்தில் இரண்டு அமிலக் கிளைகள். பச்சையத்துக்கோ 20 கார்பன்கள் கொண்ட ஃபைட்டால் வால்.

உலோகங்களின் குணமும் வேறு. இரும்பு தானே வேலை செய்கிறது: நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றுகிறது, திசுக்களில் விடுகிறது. மெக்னீசியம் அப்படி எதையும் செய்வதில்லை, அதுவே அதன் சிறப்பு. ஒளி பட்டுக் கிளர்ந்த வளையம் அந்த ஆற்றலை அடுத்த மூலக்கூறுக்குக் கைமாற்றும் வரை அது குறுக்கிடுவதில்லை. அந்த இடத்தில் இரும்பு இருந்தால், அதன் d ஆர்பிட்டால்கள் வழியாக ஆற்றல் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் வெப்பமாகிக் கரைந்துவிடும்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். கீரையைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த பச்சைச் சாற்றின் மீது, கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கைப் பிடியுங்கள். சாறு சிவப்பாக ஒளிரும். ஹீம் ஒளிராது. ஆனால் பழுப்பு ஓடுள்ள கோழி முட்டையை இருட்டில் அதே விளக்கின் கீழ் வைத்தால் அதுவும் சிவக்கும். அந்த ஓட்டின் நிறமி புரோட்டோபோர்ஃபைரின். அதாவது, இரும்பு வந்து அமர்வதற்கு முந்தைய ஹீம். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல், இரும்பு எதை அணைத்து வைத்திருந்தது என்பதை மாணவர் கண்ணால் பார்த்துவிடுகிறார். பாடநூல் படங்கள் அனைத்தையும்விட இந்த முட்டையையே நான் நம்புவேன்.

எதிர்பாராத உறவும் இந்தப் புரோட்டோபோர்ஃபைரினில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் பாதைகள் இரண்டு: விலங்குகள் கிளைசினிலிருந்து புறப்படுகின்றன, தாவரங்கள் குளுட்டமிக் அமிலத்திலிருந்து. அமினோலெவுலினிக் அமிலத்தில் அவை ஒன்றாகி, படிப்படியாக ஒரே வளையத்தைக் கட்டுகின்றன. பிறகு ஒரு கிளைச்சாலை. ஒரு நொதி இரும்பைச் செருகினால் ஹீம், மற்றொன்று ஏ.டி.பி.யைச் செலவழித்து மெக்னீசியத்தைச் செருகினால் பச்சையத்தை நோக்கிய பயணம். விலங்குக்கு முதல் சாலை மட்டுமே. தாவரத்துக்கு இரண்டும் உண்டு. அதன் சைட்டோகுரோம்களுக்கும் ஹீம் தேவை.

செடிக்குள் சிவப்பா என்று கேட்பவர் வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பு. அது லெக்ஹீமோகுளோபின், நம் ஹீமோகுளோபினின் உறவுப் புரதம். நம்முடையது ஆக்சிஜனைத் தாராளமாகக் கொண்டு சேர்க்கிறது. செடியினுடையது, நைட்ரஜனை நிலைப்படுத்தும் நொதி கெடாதபடி ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. மேலே பச்சை, கீழே சிவப்பு, இரண்டுக்கும் ஒரே செடி! இரண்டு புத்தகங்களாகப் பிரித்தது நாம்தான்.

ஆய்வுலகம் அப்படிப் பிரிக்கவில்லை. பச்சையத்தை ஆராய்ந்த வில்ஸ்டேட்டர் 1915-இல் நோபல் பெற்றார். 1930-இல் ஹான்ஸ் ஃபிஷருக்குக் கிடைத்த பரிசு, ‘ஹீமின்’ எனும் ஹீம் வடிவம், பச்சையம் இரண்டின் கட்டமைப்பு ஆய்வுகளையும் சேர்த்தே குறிப்பிட்டது. ஹீமினை ஃபிஷர் 1929-இல் ஆய்வகத்தில் தொகுத்துவிட்டார். பச்சையமோ 1960-இல் உட்வர்டின் குழுவுக்குத்தான் வசப்பட்டது. அந்த ஒடுங்கிய பிரோலும் கூடுதல் வளையமும் எவ்வளவு தொல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கோதுமைப் புல் சாறு குடித்தால் ரத்தம் ஊறுமா என்று பின் வரிசையிலிருந்து கேள்வி வரும். உருவ ஒற்றுமையை வைத்தே அந்தச் சாற்றைப் ‘பச்சை ரத்தம்’ என்று விற்கிறார்கள். பதில் மாணவர்களிடமே இருக்கிறது. புளி ஊற்றிய கீரை பழுப்பேறுவது, அமிலத்தில் மெக்னீசியம் கழன்றுவிடுவதால். இரைப்பையிலும் அதே கதைதான். எஞ்சிய வளையத்தை ஹீமாக்கும் வழி நம் உடலில் இல்லை. ஆட்டு ஈரலின் ஹீம் குடல் செல்களுக்குள் முழுதாகவே நுழைகிறது; ஆனால் அங்கும் செல்கள் வளையத்தை உடைத்து இரும்பை மட்டும் எடுத்துக்கொள்கின்றன; புது வளையத்தை உடல் கிளைசினிலிருந்தே கட்டத் தொடங்குகிறது.