இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டம்: குறுக்கெழுத்தின் கதையும் நமது மண்ணின் கதையும்



ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வந்ததும் சிலர் தலைப்புச் செய்தியைப் பார்ப்பார்கள், சிலர் மரண அறிவித்தலைப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் பேனையை எடுத்துக்கொண்டு நேரே குறுக்கெழுத்துப் போட்டிக்குப் போய்விடுவார்கள். கூப்பனை வெட்டி, அஞ்சலட்டையில் ஒட்டி, கொழும்புக்கு அனுப்பிவிட்டு அடுத்த கிழமை விடைக்காகக் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தச் சின்னக் கட்டங்களின் வரலாற்றைக் கொஞ்சம் பேசுவோம். சற்று நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

குறுக்கெழுத்துக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1913 டிசம்பர் 21ஆம் திகதி ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு புதிரை வெளியிட்டார். இவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். புதிருக்கு அவர் வைத்த பெயர் ‘வேர்ட் குரொஸ்’. சில கிழமைகளுக்குப் பின் அச்சில் இரண்டு சொற்களும் இடம் மாறி ‘குரொஸ் வேர்ட்’ ஆகி, அதுவே நிலைத்துவிட்டது. 1924இல் சைமன் அன்ட் ஷுஸ்டர் என்ற புதிய பதிப்பகம் ஒரு பென்சிலையும் இணைத்து முதலாவது குறுக்கெழுத்துப் புத்தகத்தை விற்றது. அதே ஆண்டு ‘நியூயோர்க் டைம்ஸ்’ இதை வீண் பொழுதுபோக்கு என்று கண்டித்தது. பதினெட்டு வருடம் கழித்து, 1942 பெப்ரவரி 15இல், அதே பத்திரிகை தானும் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கியது. லண்டன் ‘டைம்ஸ்’ 1930 பெப்ரவரி 1இலேயே தொடங்கிவிட்டது.

தமிழுக்குக் கட்டத்துக்குள் எழுத்தை அடுக்கும் வித்தை புதிதில்லை. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் சுழிகுளம் என்று ஒன்று உண்டு. நான்கு வரி, வரிக்கு எட்டு எழுத்து. கட்டம் போட்டு எழுதினால் வெளியிலிருந்து உள்ளே சுழன்று வாசித்தாலும் அதே பாட்டு வரும். சருப்பதோபத்திரம் என்பதை மேலிருந்தும் கீழிருந்தும் முன்னும் பின்னுமாக வாசிக்கலாம். ஆனால் இவை புலவர்களின் விளையாட்டு. சாதாரண வாசகன் பேனையோடு உட்கார்ந்தது பத்திரிகைக் குறுக்கெழுத்து வந்த பிறகுதான். 1930களில் எஸ்.எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடனின் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி அந்தச் சஞ்சிகையின் விற்பனையை உயர்த்தியவற்றில் ஒன்று.

தமிழில் கட்டம் போடுவது ஆங்கிலத்தில் போடுவதைப் போல இலகுவில்லை. அவர்களுக்கு 26 எழுத்து, நமக்கு 247. மெய்யெழுத்துக்கும் ஒரு கட்டம், உயிர்மெய்க்கும் ஒரு கட்டம். பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த நாங்கள் ஊர்ப் பெயர்களையே எடுப்பதுண்டு. திருகோணமலை: தி, ரு, கோ, ண, ம, லை என்று ஆறு கட்டம். கிண்ணியா: கி, ண், ணி, யா என்று நான்கு கட்டம். இரண்டிலும் ணகரம் இருக்கிறதே, அங்கே சந்திக்க வைக்கலாம் என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். ஆனால் ண, ண், ணி மூன்றும் மூன்று வேறு எழுத்துகள். பாலம் போட்டு இணைத்த இரண்டு ஊர்களையும் குறுக்கெழுத்தில் இணைக்க முடியாது! தம்பலகாமம் திருகோணமலையை ‘ம’வில் சந்திக்கும். கிண்ணியா கன்னியாவை ‘யா’வில் சந்திக்கும். மூதூரும் தோப்பூரும் ‘ர்’ இல் சந்திக்கும். நிலாவெளியும் குச்சவெளியும் ‘வெ’யிலோ ‘ளி’யிலோ சந்திக்கும். இப்படி நாலு ஊரைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு எழுத்திலக்கணம் தனியாகப் படிப்பிக்க வேண்டியதில்லை.

குறுக்கெழுத்தின் உயிரே இந்தச் சந்திக்கும் கட்டம்தான். இடமிருந்து வலமாக ஒரு விடை தெரியாவிட்டால், மேலிருந்து கீழாக வரும் விடை ஒரு எழுத்தைத் தந்து உதவும். இரண்டும் ஒத்துப்போனால் விடை சரி. முட்டிக்கொண்டால் இரண்டில் ஒன்று பிழை. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் சாட்சி. ஊகம் அறிவாக மாறுவது அந்த இடத்தில்தான்.

இந்தச் சாட்சியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெரிய பரிசுத் தொகைக் குறுக்கெழுத்துகள் இந்தியாவில் ஒரு காலம் கொடிகட்டிப் பறந்தன. அவற்றில் பல எப்படி அமைந்திருந்தன என்றால், ஒரு சொல்லில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கும். அந்த எழுத்தைக் கடக்கும் குறுக்குச் சொல் இருக்காது. ‘உறுதியானது, இரண்டு எழுத்து, கடைசி எழுத்து ல்’ என்றால் கல்லும் சரி, பல்லும் சரி. எது ‘சரியான விடை’ என்பதை நடத்துபவர் முன்கூட்டியே எழுதி மூடி வைத்திருப்பார். இப்படிப் பத்து இடம் இருந்தால், இரண்டை இரண்டால் பத்துத் தடவை பெருக்கினால் வரும் 1024 விதமாக நிரப்பலாம். எந்த அகராதியைப் புரட்டினாலும் அந்த 1024இல் ஒன்றைத் தெரிவு செய்ய முடியாது. ஆகவே சனங்கள் கூப்பனுக்கு மேல் கூப்பனாகக் காசு கட்டி அனுப்பினார்கள்.

இது உயர் நீதிமன்றப் படியையும் தாண்டியது. பெங்களூரில் அச்சான ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற பத்திரிகையில் ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துகளை நடத்திய சமர்பாக்வாலா என்பவருக்கும் பம்பாய் மாநில அரசுக்கும் நடந்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957 ஏப்ரல் 9ஆம் திகதி தீர்ப்பு வந்தது. சூதாட்டம் அரசியலமைப்பு பாதுகாக்கும் வியாபாரம் ஆகாது என்றார் பிரதம நீதியரசர் எஸ்.ஆர். தாஸ். ரிக் வேதத்தின் சூதாடியையும் மகாபாரதத்தின் தருமரையும் அவர் அந்தத் தீர்ப்பில் நினைவுபடுத்தினார். அதற்கு முன்பே 1955இல் இந்தியா பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டு வந்து, மாதம் 1000 ரூபாவுக்கு மேல் பரிசு கொடுக்கும் இத்தகைய போட்டிகளைத் தடை செய்திருந்தது. அதே 1957 ஏப்ரல் 9இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வெற்றி பெரிதும் திறமையில் தங்கியிருக்கும் போட்டிகளை அந்தச் சட்டம் தொடாது என்று விளக்கியது. அறிவால் போகக்கூடிய பாதை ஒன்று இருக்கிறதா என்பதுதான் அளவுகோல்.

நமக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. அல்குர்ஆன் ஐந்தாவது அத்தியாயத்தின் 90ஆம் வசனம் விலக்கும் ‘மைஸிர்’ என்ற சொல்லை, ‘இலகு’ என்ற பொருளுள்ள அறபு வேர்ச்சொல்லோடு மொழியறிஞர்கள் தொடர்புபடுத்துவார்கள். பாடுபடாமல் இலகுவாக வரும் காசு. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆசிரியர்களாக ஒன்றை மட்டும் சொல்கிறோம். “ரீலோட் அனுப்புங்கள், கேள்விக்கு விடை சொல்லுங்கள், போன் வெல்லுங்கள்” என்று நமது பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கு வரும் போட்டிகளைப் பாருங்கள். யாருக்கும் தெரிந்த ஒரு கேள்வி, அதற்குப் பிறகு குலுக்கல். கட்டம் இருக்கிறது, கடக்கும் சொல் இல்லை. 1957இல் நீதிமன்றம் ஏறிய அதே சரக்குத்தான்.

குறுக்கெழுத்துக்காரர்களின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1942 ஜனவரியில் லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ தனது வாசகர்களுக்கு 12 நிமிடத்தில் புதிரை முடிக்கும் சவாலை வைத்தது. முடித்தவர்களில் சிலர் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அந்த வேலையின் கிழக்கத்தேயக் கிளை சிங்கப்பூரிலிருந்து அதே மாதம் கொழும்புக்கு இடம்பெயர்ந்து, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கியது. ஜப்பானியச் செய்திகளில் தாக்கப்பட வேண்டிய இடம் இரண்டு எழுத்துக் குறியாக மட்டுமே வந்துகொண்டிருந்தது. பின்னர் ஒரு செய்தியில் அதே இடத்தின் பெயர் கோ, ரோ, ன், போ என்று எழுத்துக் கூட்டி வந்தது. குறுக்கே இருந்த குறியும் நெடுக்கே வந்த பெயரும் சந்தித்தன. கொழும்பு!

அடுத்தது நமக்குத் தெரிந்த கதை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடாவும் தாக்கப்பட்டன. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவில் ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தொட்டியில் மோதியது. 99 தொட்டிகள் இன்றும் நிற்கின்றன. எரிந்த தொட்டியின் சிதைவும் அங்கேயே இருக்கிறது.

“ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்” என்று வயது சொல்லும் மூத்தம்மாக்கள் நமது வீடுகளில் இருந்தார்கள். அவர்களுடைய நினைவு மேலிருந்து கீழ். கடற்படையின் பதிவு இடமிருந்து வலம். சிதைந்த தொட்டி இரண்டும் சந்திக்கும் கட்டம். விமானி வேண்டுமென்று மோதினாரா, அடிபட்டு விழுந்தாரா என்று கேட்டால், அவருடைய மனதைச் சொல்ல இரண்டாவது சாட்சி இல்லை. அங்கே கல்லும் பொருந்தும், பல்லும் பொருந்தும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவதும் வரலாறு படிப்பதில் ஒரு பாடம்.

மூதூரும் அப்படித்தான். 1660இல் கொட்டியாரக் குடாவில் ஆன் என்ற கப்பலின் ஆட்களோடு கண்டி மன்னனின் படையிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது வருடம் கழித்து 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. டானியல் டிபோ ‘ரொபின்சன் குரூசோ’ எழுதியபோது நொக்ஸின் அனுபவமும் துணைநின்றது என்பது ஆய்வாளர் கருத்து. வெள்ளைக்காரன் புளியமரம் என்று மூதூரார் சொல்லிவந்ததும் அங்கே உள்ள நினைவுக்கல்லும் அந்தக் கதைக்கு மறுபக்கச் சாட்சிகள். உலகப் புகழ்பெற்ற ஒரு நாவலின் ஒரு வேர் நமது குடாக்கரையில் இருக்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

நமது பக்கத்துச் சாட்சிகள் குறைந்துகொண்டு போகின்றன. உறுதி, பதிவு, புகைப்படம், பழைய கொப்பி என்று எத்தனையோ 2004 சுனாமியில் போயின. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு நடந்தபோது எதை எடுத்துக்கொண்டு போக முடிந்தது? 1942ஐப் பார்த்த கண்களும் இனி மிகச் சிலதான். இடமிருந்து வலம் வரும் சொற்களை வெளிநாட்டார் எழுதிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழ் வரும் சொற்களை நாம் எழுதாவிட்டால், அவர்கள் எழுதியதைச் சரிபார்க்க நம்மிடம் ஒரு எழுத்தும் இருக்காது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் வாசிகசாலை, விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கொழும்பிலிருந்து வரும் குறுக்கெழுத்தை நிரப்புவதோடு நிற்காமல், நமது பிரதேசத்துக் குறுக்கெழுத்தை நாமே போடுவோம். பாடசாலைச் சுவர்ப்பத்திரிகையில் மாதம் ஒன்று போதும். கட்டணம் வேண்டாம், குலுக்கல் வேண்டாம். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே விடை இருக்கட்டும். ஒவ்வொரு விடையையும் இன்னொரு விடை கடக்கட்டும். விடை வெளியிடும்போது அது எந்த நூலில் இருக்கிறது, எந்த மூத்தவர் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

தொடக்கமாக மூன்று குறிப்புகள்:

1. பம்பாயில் 1817இல் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கும் ‘ஊர்’. (6 கட்டம்)

2. 1852இல் பர்மாவில் இறந்து திருகோணமலையில் அடக்கப்பட்ட கடற்படைத் தளபதியின் குடும்பப் பெயர். அவருடைய அக்கா புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியை. (4 கட்டம்)

3. ஏழு கிணறு, ஏழிலும் சுடுநீர். (4 கட்டம்)

முதலாவதன் விடை இந்தப் பதிவுக்குள்ளேயே கட்டம் பிரித்துக் கிடக்கிறது. மூன்றாவது நம் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவதற்கு கூகுளைத் தட்டுவதற்கு முன், துறைமுகத்தில் வேலை செய்த வாப்பாமாரிடமும் அப்பாமாரிடமும் பழைய வெள்ளைக்காரர் மையவாடி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதில் நாங்கள் கேட்காத கதையும் இருக்கும். அதையும் எழுதி வையுங்கள்.