இரத்தினபுரியில் படகை ஒட்டுகிறவர் யார்?

இரத்தினபுரி என்றால் மாணிக்கம், கேகாலை என்றால் ரப்பரும் காரீயமும். இந்த இரண்டு மாவட்டங்களையும் கொண்டு 1889இல் உருவான சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. படகு பழுதுபார்ப்பது அந்த மண்ணுக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று தோன்றுவது இயல்பு. களு கங்கை ஓடும் விதத்தைக் கவனித்தால் அந்த எண்ணம் நிற்காது. சிவனொளிபாதமலைச் சாரலிலிருந்து தலைகீழாக விழுவதுபோல் இறங்கும் இந்த ஆறு, இரத்தினபுரியை அடையும்போதே ஏறக்குறையச் சமவெளி மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து களுத்துறைக் கழிமுகம் வரை அதற்குச் சரிவு மிகக் குறைவு. சரிவு குறைந்ததால் படகு எதிர்நீரில் ஏறி வர முடிந்தது. அதே காரணத்தால்தான் மழைநீர் சீக்கிரம் வடியாமல் ஊருக்குள் தேங்குகிறது. படகுப் போக்குவரத்தும் வெள்ளமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூத்தது போய்ச் சேர்ந்துவிட்டது. இளையது வருடம் தவறாமல் எட்டிப் பார்க்கிறது. மூத்ததோடு சேர்ந்து தொலைந்தது படகைத் திருத்தும் கைப்பழக்கம். இன்றைக்குப் படகின் எண்ணிக்கையைவிட அந்தப் பழக்கமே பெரிய குறை என்பது என் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரத்தினபுரிக்கும் கொழும்புக்கும் இடையே ஆறு ஒரு பெருந்தெருவாக இருந்தது. ஓலைக்கூரை வேய்ந்த தட்டையடிப் படகுகள் பாக்கும் காரீயமும் ஏற்றிக் களுத்துறைக்கு இறங்கின. உப்பும் அரிசியும் துணியும் ஏற்றித் திரும்பின. மலை ஏறி இறங்கிய யாத்திரிகர்களும் அதில் போனார்கள். வடக்கே களனி கங்கையில் யட்டியாந்தோட்டை, ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டியும் ஆறும்தான் கொழும்பைக் காட்டிய வழிகள். மணல்திட்டில் ஏறுவதும் பாறையில் உரசுவதும் ஆற்றுப் படகுக்கு அன்றாட விதி. பலகை மூட்டு விட்டுப் போனால் நாரைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பது இந்துமாக்கடல் முழுவதும் வழங்கிய முறை. படகு கட்டும் வடபகுதி ஓடாவிகள் இதைக் கலப்பத்து என்பார்கள். அதற்கான பிசின் சப்ரகமுவவின் காட்டிலேயே வடிந்தது. சிங்களத்தில் தும்மல எனப்படுவது சிங்கராஜக் காட்டு மரங்களிலும் கிடைக்கும். சரக்கும் ஆறும் பிசினும் ஒரே இடத்தில் இருந்தபோது திருத்தும் கையும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கையைச் சும்மா உட்கார வைத்தது களனிப் பள்ளத்தாக்கு ரயில். 762 மில்லிமீற்றர் அகலமுள்ள அந்தச் சின்னப் பாதை 1902இல் அவிசாவளைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போய்ச் சேர்ந்தது. தேயிலைப் பெட்டியும் ரப்பர் ஷீற்றும் ரயிலேறின. பிறகு லொறி வந்து ரயிலுக்கும் அதே கதியைக் காட்டியது. அவிசாவளைக்கு அப்பால் 1976இல் பாதையை மூடினார்கள். ரயில் போனபோது படகு திரும்பி வரவில்லை. வரவும் முடியாது, லொறியோடு போட்டிபோட ஆற்றைக் கூப்பிடுவது வெறும் ஏக்கம்.

திரும்பி வந்தது வேறு படகு. 1967இல் நோர்வே உதவியோடு வடக்கே காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம், கண்ணாடி நாரும் ரெசினும் சேர்த்துச் செய்த படகை ஈழத்துக் கரைகளுக்குப் பழக்கப்படுத்திய முன்னோடிகளில் ஒன்று. அந்த ஃபைபர் படகுதான் இப்போது வெள்ளம் வந்தால் மலைநாட்டு அடிவாரத்துக்கும் வருகிறது. அதன் வேதியியல் ரப்பர் தோட்டத்துக்காரருக்குப் புதிதல்ல. பாலில் அளவாக அசிட் விட்டால் தட்டில் உறைகிறதே, அதுபோல ரெசினில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு ஹார்டனர் விட்டால் சற்று நேரத்தில் இறுகும். அளவு பிசகினால் இரண்டுமே கெடும் என்பதும் தோட்டத்தில் தெரிந்த பாடம். மேலே தெரியும் வழவழப்பான நிறப்பூச்சு ஜெல்கோட். அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள, நாரில்லாத தோல் அது. உள்ளே நார்ப்பாயும் ரெசினும் அடுக்கடுக்காக இருக்கும்.

ஃபைபர் உக்காது, கறையான் அரிக்காது, அதற்கு ஏன் திருத்தம் என்று கேட்பவர் உண்டு. உக்காது என்பது உண்மை. ஆனால் தோல் கிழிந்தால் நீர் குடிக்கும். வெள்ளப் படகு ஓடுவது கடலில் அல்ல, மூழ்கிய வேலிக் கம்பிக்கும் கல்தெருவுக்கும் மதிலுக்கும் மேலே. மயிரிழை வெடிப்பு வழியாக நீர் நாருக்குள் ஊறினால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். ஓடாமல் வெயிலில் கவிழ்ந்து கிடந்தாலும் ஜெல்கோட் சுண்ணாம்புபோல் வெளிறும். வெறும் கீறலானால் வெடிப்பை V வடிவில் அகட்டி, அசிட்டோனால் துடைத்து, ஜெல்கோட் நிரப்பிப் பொலித்தீன் தாளால் மூடினால் போதும். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். நார் உடைந்திருந்தால் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, நல்ல பகுதி தெரிந்த பிறகுதான் புதிய பாயை ஒட்ட வேண்டும். மேலே பூசி மறைப்பது பொய்த் திருத்தம். ஓடாவியின் மரவேலையைக் கற்க ஆண்டுகள் வேண்டும். இதைக் கவனமுள்ள ஒருவர் சில நாட்களில் கற்கலாம். ஆனாலும் தினமும் படகு ஓடும் காரைநகரில் தானாகப் பரவும் இந்த அறிவு, வருடத்தில் சில நாள் மட்டும் படகைத் தேடும் ஊரில் யாராவது உட்கார்ந்து சொல்லித் தராமல் பரவாது.

கடற்படை வருகிறதே என்பது இன்னொரு பதில். வந்தார்கள், 2017 மே வெள்ளத்தில் அவர்களுடைய படகுகள் பலரைக் கரைசேர்த்தன. ஆனால் இரத்தினபுரியில் நீர் ஏறும்போது வழியும் சேர்ந்தே மூழ்குகிறது. முதல் சில மணி நேரம் ஊரில் இருக்கும் படகுக்குத்தான் சொந்தம். தோட்ட லயங்கள் மேட்டில் இருக்கின்றன, அவற்றுக்கு அச்சம் மண்சரிவுதானே என்பதும் பாதி நியாயம். 2016இல் அரநாயக்கவில் மலையே இறங்கியது. அங்கே படகால் பயனில்லை. ஆனால் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் போகும் வழி பள்ளத்தில்தான் கிடக்கிறது. புதுப்படகு வாங்கித் தந்தால் தீராதா என்றால், 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் வார்த்துக் கொடுத்த ஃபைபர் படகுகளில் பல கடலுக்கு ஏற்றவை அல்ல என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பே எச்சரிக்க வேண்டியிருந்ததை நினைக்க வேண்டும். நல்லதையும் மோசமானதையும் பிரித்தறிபவர், திருத்திப் பழகியவர்தான்.

ஈரத்தில் ரெசின் சரியாக இறுகாது. ஈரம் பட்ட நார்ப்பாய் ஒட்டாது. வருடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் இந்த வேலைக்கு வாய்ப்பான மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான். பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் கிராமத்துக்கு இரண்டு பேரையாவது அந்த மாதங்களில் காரைநகருக்கோ நீர்கொழும்புக்கோ அனுப்பிக் கற்றுவரச் செய்யட்டும்.